மூன்று போத்தலிலும் ஊதா வளையம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தில் இது நடந்தது. தினமும் குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அன்றைய நாளை நினைப்பதற்கு எனக்கு அந்தக் குறிப்பு தேவையில்லை.

நான் குருக்கள்மடத்துக்காரன். பால் சேகரிப்பு நிலையம் ஒன்றில் பாலைச் சோதிப்பது என் தொழில். விடியற்காலையில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கொண்டு வருகிற பாலில் கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சீனி, மா, உப்பு எல்லாம் பார்ப்பேன். இந்த வேலையில் பல வருடம் இருந்தால் ஆளைப் பார்க்கும் முன்னே கேனைப் பார்க்கிற கண் வந்துவிடும். யாரோ அதில் என்னமோ செய்திருக்கிறார் என்றுதான் மனம் முதலில் நினைக்கும். அது தொழிலுக்கு நல்லது என்றே அன்று வரை நினைத்திருந்தேன்.

இனிமேல் சான்றிதழ் உள்ளவர்கள்தான் சோதனை செய்யலாம் என்று மேலிடத்தில் சொன்னதால், ஐம்பதை நெருங்கும் வயதில் வார இறுதி வகுப்பொன்றில் சேர்ந்தேன். மனித உடலிலும் விலங்கு உடலிலும் நடக்கிற உயிரிரசாயனத்தின் அரிச்சுவடி. புரதம், கொழுப்பு, மாச்சத்து, அவை உடம்புக்குள் எப்படி உடைகின்றன, எப்படிச் சக்தியாகின்றன என்பதுதான் பாடம். படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நாங்கள் எல்லாரும் அவரைச் சேர் என்போம். கண்டிப்பானவர்.

ஆய்வுகூடத்தில் என் மேசைக்குப் பங்காளி காத்தான்குடியில் இருந்து வந்த ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மருந்துக் கடையில் வேலை. இதே வகுப்பை முன்பொரு தடவை தொடங்கி, பிள்ளை வயிற்றில் இருந்தபோது இடையில் விட்டவர். இந்தச் சான்றிதழ் கிடைத்தால் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்த முறையும் விட்டா வீட்டில மறுகா அனுப்ப மாட்டாங்க அண்ணன்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். நான் ஏறுகிற கல்முனை பஸ்ஸில்தான் அவர் காத்தான்குடியில் ஏறுவார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். எதிர்மேசையில் ஏறாவூர்ப் பக்கம் கோழிப் பண்ணையில் வேலை செய்கிற ஒரு தம்பி. வாய் சும்மா இருக்காது.

அந்தச் சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. மூன்று போத்தலில் சிறுநீர் இருக்கும். ஒன்று சாதாரணம், ஒன்றில் குளுக்கோசு, ஒன்றில் கீற்றோன் என்கிற இரசாயனம். எது எது என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு முந்திய வகுப்பிலேயே சேர் கேட்டிருந்தார்:

"சீனி வருத்தம் இல்லாத ஆள் ஒருத்தர் வேணும். அவர்ட சிறுநீரைத்தான் மூண்டு போத்தலுக்கும் எடுக்கப் போறன்."

நான் கையை உயர்த்தினேன். வேலைக்காக அண்மையில்தான் இரத்தம் சோதித்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. சேர் சந்தோசப்பட்டார். எதிர்மேசைத் தம்பிதான் விடவில்லை.

"அப்ப சரி. பாலில தண்ணி பிடிக்கிற அண்ணன்ட தண்ணியை இனி நாங்க பிடிக்கப் போறம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. வகுப்பிலேயே குறையில்லாத உடம்பு என்னுடையது என்று சேர் சொன்னது போல இருந்தது.

அந்த வாரம் கந்தசஷ்டி. நான் ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் விரதம் இருப்பவன். பகலில் தண்ணீர், பொழுதுபட்டால் கோயிலுக்குப் போய்வந்து ஒரு இளநீர். சூரன்போர் முடிந்து மறுநாள்தான் பாறணை, சோறு. விரதம் இருக்கிறேன் என்று வெளியில் சொல்லித் திரிவது எனக்குப் பிடிக்காது. வேலைத்தலத்தில்கூட ஒருவருக்கும் தெரியாது. தேர்வு நாள் விரதத்தின் ஐந்தாம் நாள். உடம்பு இலேசாகத்தான் இருந்தது. காலையில் போனவுடன் கழுவிய போத்தலில் சிறுநீரை எடுத்துச் சேரிடம் கொடுத்தேன். அவர் பக்கத்து ஆயத்த அறைக்குக் கொண்டுபோய், மூன்று போத்தலாகப் பிரித்து, ஒன்றில் குளுக்கோசும், ஒன்றில் கீற்றோன் வகையான அசற்றோனும் கலந்து, அ, ஆ, இ என்று ஒட்டி வைத்தார். அசற்றோன் போத்தலும் அந்த அறை அலுமாரியில்தான் இருந்தது. கதவுக்குப் பூட்டில்லை, கொண்டி மட்டும்தான்.

காலையில் மீட்டல் வகுப்பு. அப்போதுதான் முதலில் கவனித்தேன். என் பங்காளியின் நடத்தை சரியில்லை. ஒரு படத்தைக் காட்டி விளக்க அவர் பக்கம் குனிந்தேன். சட்டென்று தன் கதிரையை அரை முழம் தள்ளிக் கொண்டார். கொஞ்ச நேரத்தில் சால்வை நுனியால் மூக்கை மூடினார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என்னிடம் எதையோ கேட்க நினைத்து விட்டுவிட்ட பார்வை. தேர்வுக்குப் பயந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு, என்னுடைய விடையைப் பார்க்கத்தான் இடம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். என் குறிப்பை மெல்ல என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். கோழிப் பண்ணைத் தம்பி என்னையும் கூப்பிட்டான். வீட்டில் சாப்பிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தேன். வெளியே மழை. வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறம், கரை தெரியவில்லை. அப்போது அந்தப் பெண் திரும்பி வந்தார். வழக்கமாக மத்தியானத்தில் அவர் பக்கத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போவார். அன்று போகவில்லை. என்னைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார். பிறகு நேரே ஆயத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே பைப் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். முகமும் கையும் ஈரமாக இருந்தன. என்னைப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனார்.

தேர்வுப் போத்தல்கள் இருக்கிற அறை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆள். கை கழுவுகிறார். பால் நிலையத்தில் இப்படி ஒரு காட்சியைக் கண்டிருந்தால் அந்தக் கேனை நான் உள்ளே எடுத்திருக்க மாட்டேன்.

பின்னேரம் சோதனை தொடங்கியது. கீற்றோனைப் பார்க்கிற முறை எளிது. சிறுநீரில் இரண்டு வகை உப்பைப் போட்டுக் கலக்கி, குழாயைச் சரித்து, மேலே மெதுவாக அமோனியாவை ஓரமாக விட வேண்டும். கீற்றோன் இருந்தால் இரண்டு திரவமும் தொடுகிற இடத்தில் நாவற்பழச் சாறு போல ஊதா வளையம் எழும். நான் 'அ'வை எடுத்தேன். வளையம். 'ஆ'வை எடுத்தேன். வளையம். 'இ'யிலும் வளையம். குழாய்களைக் கழுவித் திரும்பச் செய்தேன். அதேதான். என் பங்காளி தன் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் பயம் இருந்ததாக எனக்குத் தெரிந்தது.

"சேர், இஞ்ச எல்லாம் ஊதாவாக் கிடக்கு!" என்று எதிர்மேசைத் தம்பி சத்தம் போட்டான். மற்ற மேசைகளிலும் அதே முறைப்பாடு. சேர் ஒவ்வொரு மேசையாக வந்து பார்த்தார். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. தேர்வை நிறுத்தினார்.

"ஆரோ போத்தல்கள்ல அசற்றோன் ஊத்தியிருக்கு. தேர்வைக் குழப்பத்தான் செய்திருக்கிறீங்க. மத்தியானம் அந்த அறைக்குள்ள போனது ஆர்? பிடிபட்டா இந்த வகுப்பில அவருக்கு இனி இடம் இல்ல."

சேர் என் பக்கம் திரும்பினார். "நீங்க மேலதானே இருந்தீங்க?"

பொய் சொல்ல எனக்குத் தெரியாது. "இவ போனவ சேர். கதவைச் சாத்தினவ. மறுகா கை கழுவிட்டு வந்தவ" என்றேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஆனால் மழைச் சத்தம் மட்டும் கேட்ட அந்த அறையில், நான் சொல்லி முடித்தபோது தீர்ப்பும் முடிந்துவிட்டிருந்தது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் யாரோ "அதானே பாத்தன்" என்று சொன்னதும் கேட்டது.

"ஓம் சேர், போனன்" என்றார் அவர். "மத்தியான லுகர் தொழத்தான் போனன். மழைக்குள்ள சொந்தக்காரர் வீட்ட போக ஏலாமப் போச்சு. உள்ள தண்ணியும் இரிக்கி, மூலையும் துப்புரவா இரிக்கி. போத்தல்ல கைய வைக்கல்ல."

"கேட்டுட்டுப் போயிருக்கலாம்தானே?"

"அது என்ட பிழைதான் சேர்."

சேர் நம்பியதாகத் தெரியவில்லை. நானும் நம்பவில்லை. தொழத்தான் போனார் என்றால் ஏன் காலையில் இருந்து அந்த ஒதுங்கல், அந்தப் பார்வை? இதை எழுதும்போது நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் வேறு ஊர், வேறு சமூகம் என்பதும் என் நம்பாமைக்குள் எங்கேயோ இருந்தது. போர்க்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் பகைத்த இந்தப் பக்கத்தில் எங்கள் தலைமுறைக்கு அது சொல்லாமலே வந்துவிடுகிற ஒன்று.

சேர் பெயர்ப் பட்டியலை எடுக்கத் திரும்பினார். அப்போது அந்தப் பெண் சொன்னார்: "சேர், ஒண்டே ஒண்டு கேக்கன். அண்ணன்ட்ட புதிசா ஒருக்கா எடுத்து, எல்லாருக்கும் முன்னால பாருங்க. மறுகா என்னை வெட்டுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அகப்பட்டவர் இப்போது என் மேல் திருப்புகிறார் என்றுதான் நினைத்தேன். "என்னத்துக்குத் தங்கச்சி? போத்தல் கெட்டது அறைக்குள்ள. என்னில என்ன இரிக்கு?" என்றேன்.

அவர் சேரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். சேர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு புதுப் போத்தலை என்னிடம் நீட்டினார். நான் போய்க் கொண்டு வந்தேன். போத்தலை யாரையும் தொடவிடவில்லை. நானே முன்மேசையில் வைத்தேன். சேர் புதிய குழாயை எடுத்தார், உப்புகளைப் போட்டுக் கலக்கினார், அமோனியாவை ஓரமாக விட்டார். எல்லாரும் சுற்றி நின்றோம்.

வளையம் எழும்பியது. காலையில் கொடுத்ததைவிடக் கடும் ஊதா.

கீற்றோன் பற்றி நாங்கள் படித்தது இரண்டே இரண்டு விடயம். சீனி வருத்தம் முற்றியவர்களுக்கு வரும். கன்று போட்ட பிறகு தீன் போதாமல் மெலிகிற பசுவுக்கு வரும். நான் பசு இல்லை. அப்படியென்றால்?

"உங்களுக்குச் சீனி இல்ல எண்டுதானே சொன்னீங்க?" சேரின் கோபம் கவலையாக மாறியிருந்தது. உடனே குளுக்கோசையும் சோதித்தார். சீனி இருந்தால் செங்கல் நிறமாகிற நீலத் திரவம் நீலமாகவே இருந்தது. துளியும் சீனி இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்ப இது என்ன?"

அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் இப்போது என்னைப் பார்த்தார்கள். சற்று முன் அந்தப் பெண்ணைப் பார்த்த அதே பார்வை. நானே ஏதோ குடித்துவிட்டு வந்திருக்கிறேன், நானே எதையோ கலந்திருக்கிறேன் என்கிற பார்வை. அது முகத்தில் படும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் நான் அதை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பெண் மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. மெல்லிய குரலில், "அண்ணன், நீங்களே சொல்லிருங்களன்" என்றார்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை. என்னத்தைச் சொல்வது? அவர் கண் என் வயிற்றின் பக்கம் ஒரு கணம் போய்த் திரும்பியது. அப்போதுதான் உறைத்தது. தீன் போதாத பசு.

"சேர், நான் சஷ்டி விரதம்" என்றேன். "இண்டைக்கு அஞ்சாம் நாள். தண்ணியும் இளநீரும்தான்."

சேர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நெற்றியில் கையை அடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ மனுசன்! இதைக் காலையில சொல்லியிருந்தா ஒரு போத்தலும் நாறியிராதே." எழுந்து பலகையில் எழுதி விளக்கினார். சாப்பாடு வராவிட்டால் உடம்பு முதலில் சேமித்து வைத்த சீனியை எடுக்கும். அது முடிந்ததும் கொழுப்பை உடைக்கும். ஈரல் அந்தக் கொழுப்பில் இருந்து கீற்றோனைச் செய்து இரத்தத்தில் விடும். மூளைகூட அதை எரித்துத்தான் பிழைக்கும். மிஞ்சியது சிறுநீரிலும் மூச்சிலும் வெளியே போகும். வருத்தம் இல்லாத உடம்பிலும் அது நடக்கும். "நான் வருத்தத்தை மட்டும் படிப்பிச்சுப் போட்டன். பட்டினியைப் படிப்பிக்கல்ல. போத்தலை வைக்க முதல் ஒருக்கா நானும் சோதிச்சிருக்க வேணும்" என்று அவரே சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம், "மன்னிச்சுக்கொள்ளுங்க பிள்ளை" என்றார்.

இறுக்கத்தைக் கலைத்தவன் எதிர்மேசைத் தம்பிதான். "சேர், என்டய எடுங்க. காலையில புட்டும் மீன் கறியும் நல்லா அடிச்சிட்டுத்தான் வந்த!" அவனுடையதில் வளையம் வரவில்லை. அதை வைத்தே புதிதாக மூன்று போத்தல் செய்து, பொழுதுபடுவதற்குள் தேர்வு முடிந்தது. என் பங்காளி மூன்றையும் எனக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இடம் கிடைத்தது. பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது. பிறகு கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

"காலையில குனிஞ்சீங்களே, அப்பவே மணத்துட்டு. பழுத்த பழம் மாதிரி ஒரு மணம். புள்ள வயித்துல இரிக்கக்குள்ள எனக்கு ஒண்டும் இறங்கல்ல, ஒரே சத்தி. ஆஸ்பத்திரியில சிறுநீர் சோதிச்சிட்டு, பட்டினியால கீற்றோன் போகுது எண்டு சொன்ன. என்ட மூச்சும் அப்பிடித்தான் மணத்த. அந்த மணம் பட்டா இப்பவும் எனக்கு வயித்தைப் பிரட்டும். அதான் தள்ளி இருந்த, கோவிச்சுக்கொள்ளாதீங்க."

"அப்ப சேர் கேட்ட உடனே சொல்லியிருக்கலாமே! உங்கட பேரை வெட்டப் போனாரே!"

"நீங்க சாப்பிட்டு வந்த எண்டு தம்பிக்கிட்ட சொன்னது எனக்கும் கேட்ட. அப்ப மறைக்கீங்க எண்டு விளங்கின. நோன்பு உங்களுக்கும் உங்கட சாமிக்கும் உள்ள விசயம். அத நான் என்னத்துக்குச் சபையில போட்டு உடைக்கிற?"

கடைசியில், "நான் கண்டதைத்தான் தங்கச்சி சொன்னன்" என்றேன். நான் சொன்னது எனக்கே நன்றாகப் படவில்லை.

அவர் சிரித்தார். "ஓம் அண்ணன். வாயால கண்டதத்தான் சொன்னீங்க. முகம்தான் கூடச் சொல்லிப் போட்டு."

காத்தான்குடி வந்துவிட்டது. "சூரன்போர் நாளைக்கா? வெயில் இல்லாமக் கிடந்தா உங்களுக்குச் சுகம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது அவர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். நான் பழைய இடத்தில்தான். பாலில் கருவி குறைத்துக் காட்டினால் முன்பெல்லாம் வரிசையில் நிற்கிறவர்களுக்கு முன்னால் "தண்ணி" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தள்ளி வைப்பேன். இப்போதும் தள்ளித்தான் வைக்கிறேன், சட்டம் சட்டம்தான். ஆனால் கொண்டு வந்தவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மாடு இப்போது என்ன தின்கிறது என்று முதலில் கேட்கிறேன். சிலர் கண்ணை வேறு பக்கம் திருப்புவார்கள், அவர்கள் கலந்தவர்கள்தான். வேறு சிலர், வயல் வட்டையெல்லாம் வெள்ளம், மாட்டுக்கு ஒரு வாய் புல் இல்லை என்பார்கள். தீன் போதாத மாட்டின் பாலும் தண்ணீர் கலந்தது போலத்தான் கருவியில் தெரியும். அந்த நேரம் என் மூச்சில் இருந்த அந்த மணத்தை நினைத்துக்கொள்வேன். எனக்குத் தெரியாமல் என் உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை அறிந்தும் சபையில் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்ற ஒருவரை, சாத்திய ஒரு கதவை மட்டும் கண்டுவிட்டு நான் குற்றவாளியாக்கப் பார்த்தேன்.